தம்பதியரின் உறவை அளக்க எந்தப் படிவம்?

தம்பதியர் ஆலோசனையில் புதிதாக இறங்குபவர்களும், திருமண வாழ்வைப் பற்றி ஆய்வேடு எழுதும் உளவியல் மாணவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: கணவன், மனைவி இருவரிடமும் கொடுத்து நிரப்பச் சொல்ல எந்தப் படிவம் நல்லது? பலர் தங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் தம் காலத்தில் பயன்படுத்தியதையே எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது இணையத்தில் முதலில் அகப்பட்டதை அச்செடுக்கிறார்கள். ஆனால் நல்ல இல்வாழ்க்கை எது என்பதைப் பற்றிய ஒரு தீர்ப்பு ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்தவர் அதை எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்க்காமல் படிவத்தை நீட்டக் கூடாது.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசனை நடக்கும் மாதங்களில் மாற்றத்தைத் தொடர்ந்து கவனிக்க, சி.எஸ்.ஐ. எனப்படும் தம்பதியர் நிறைவுக் குறியீட்டின் 16 கேள்வி வடிவம். சிக்கல் எங்கே முடிச்சிட்டிருக்கிறது என்று தொடக்கத்தில் புரிந்துகொள்ள, பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் உருவான திருமணத் தர அளவுகோல். பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும் என்றால், சி.எஸ்.ஐ.யின் நான்கு கேள்விகள். உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்பட்டு வந்த, டி.ஏ.எஸ். எனப்படும் இணையர் இசைவு அளவுகோல் என் பட்டியலில் இல்லை. அதை ஏன் விட்டேன் என்பதை விரிவாகச் சொன்னால்தான் மற்றத் தேர்வுகளின் காரணமும் புரியும்.

ஒத்துப்போவதும் ஓய்ந்துபோவதும்

டி.ஏ.எஸ். படிவத்தை 1976இல் அமெரிக்காவில் கிரஹாம் ஸ்பானியர் வெளியிட்டார். 32 கேள்விகள், அதிகபட்ச மதிப்பெண் 151. பென்சில்வேனியா மாநிலத்தில் அவர் திரட்டிய தரவில், மணவாழ்வில் இருந்தவர்களின் சராசரி 114.8, மணவிலக்கு பெற்றவர்களின் சராசரி 70.7. இரண்டு கூட்டத்தாரையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியதால் படிவம் வேகமாகப் பரவியது. அதற்கு முன் கோலோச்சியது ஹார்வி லாக், கார்ல் வாலஸ் இருவரும் 1959இல் வெளியிட்ட 15 கேள்விப் படிவம். ஸ்பானியர் தம் படிவம் சரியாக அளக்கிறதா என்பதை அதனோடு ஒப்பிட்டே காட்டினார்.

151 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். இணக்கத்துக்கு 65, நிறைவுக்கு 50, சேர்ந்து செயல்படுவதற்கு 24, அன்பை வெளிக்காட்டுவதற்கு 12. இணக்கப் பகுதியில் குடும்ப வரவு செலவு, மத விஷயங்கள், நண்பர்கள், வீட்டு வேலை, பெரிய முடிவுகள், பெற்றோரிடமும் மாமனார் மாமியாரிடமும் நடந்துகொள்ளும் விதம் என 13 விஷயங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் நீங்கள் இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. எப்போதும் ஒத்துப்போகிறோம் என்றால் 5. எப்போதும் கருத்து வேறுபாடுதான் என்றால் 0.

இந்தப் பகுதியை ஒரு பெண் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். திருமணமான புதிதில் தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடியவர். பிறந்த வீட்டுக்குப் போய்வருவதைப் பற்றிச் சண்டை போட்டவர். ஒவ்வொரு முறையும் தோற்று, ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டவர். இப்போது வரவு செலவு பற்றி வீட்டில் கருத்து வேறுபாடே எழுவதில்லை. அவர் 5ஐ வட்டமிடுகிறார். அதில் பொய் எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான விடை அதுதான். பதின்மூன்று வரிகளிலும் இப்படியே வட்டமிட்டால் 65 மதிப்பெண் சேர்ந்துவிடுகிறது. மொத்தத்தில் அது 43 விழுக்காடு. 97க்கும் அதற்குக் கீழும் எடுத்தவர்களையே உறவில் துன்பப்படுபவர்களாகக் கருதுவது வழக்கம். அந்தக் கோட்டைத் தாண்ட அவருக்கு இன்னும் 33 போதும்; மீதி 86 மதிப்பெண்ணில் அதைத் திரட்டுவது கடினமில்லை. அதே வீட்டில் அவருடைய கணவரும் அதே 65ஐ வாங்குகிறார், அவர் எதையும் விட்டுக்கொடுக்காமலே.

எதிர்ப்பக்கத்தில், காசு முதல் கோயில்வரை எல்லாவற்றையும் சத்தமாக விவாதித்து, ஒருவர்மேல் ஒருவர் ஆழ்ந்த பற்றோடு வாழும் தம்பதியர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதியில் மதிப்பெண் குறைகிறது.

இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். கருத்து வேறுபாட்டை வெளியே சொல்லும் உரிமை இருவருக்கும் சமமாக இருக்கும் இடத்தில் இணக்கம் என்பது உறவின் நலத்தைக் காட்டலாம். அந்த உரிமை சமமாக இல்லாத வீட்டில் அதே எண் ஒருவரின் களைப்பைக் காட்டுகிறது. படிவத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அடுத்து, மாமனார் மாமியார் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்று; அதற்கு அதிகபட்சம் 5 மதிப்பெண். நம் குடும்பநல நீதிமன்ற வளாகத்தில் அரை நாள் உட்கார்ந்து கேட்டவர்கள், அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு அடைபட்டுக் கிடக்கிறது என்பதை அறிவார்கள்.

டி.ஏ.எஸ்.ஸின் இன்னொரு சிக்கலை ஃபிராங்க் ஃபின்ச்சம், தாமஸ் பிராட்பரி இருவரும் 1987இல் எடுத்துச் சொன்னார்கள். ஆய்வு மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'உறவு எப்படி இருக்கிறது' என்ற மதிப்பீட்டையும், 'எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள், எதில் முரண்படுகிறீர்கள்' என்ற விவரத்தையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிட்டு, பிறகு அந்த மதிப்பெண்ணைத் தனியாக எடுத்த சச்சரவு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்றுதான் வரும். ஒரே விஷயத்தை இரண்டு முறை அளந்ததால் வந்த தொடர்பு அது. 'சச்சரவு குறைந்தால் நிறைவு கூடுகிறது' என்று முடிக்கும் ஆய்வேட்டில் டி.ஏ.எஸ். இருந்தால், அந்த முடிவை நம்புவதற்கு முன் நான் தயங்குவேன்.

1995இல் வந்த சுருக்கப்பட்ட 14 கேள்வி வடிவம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இணக்கப் பிரச்சினை அதிலும் அப்படியே இருக்கிறது.

மதிப்பீட்டை மட்டும் கேட்பவை

ராபர்ட் நார்ட்டன் 1983இல் நேர் எதிர்வழியில் போனார். எதில் ஒத்துப்போகிறீர்கள், எத்தனை முறை சண்டை போடுகிறீர்கள் என்று எதையும் கேட்காமல், உறவைப் பற்றிய ஒட்டுமொத்த மதிப்பீட்டை மட்டும் ஆறு கேள்விகளில் கேட்டார். கான்சாஸ் திருமண நிறைவு அளவுகோலில் மூன்றே கேள்விகள்: திருமணத்தில் எவ்வளவு நிறைவு, வாழ்க்கைத்துணையாக அவரிடம் எவ்வளவு நிறைவு, அவரோடுள்ள உறவில் எவ்வளவு நிறைவு. தமிழில் கேட்டால் இம்மூன்றையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டு மூன்றுக்கும் ஒரே எண்ணை எழுதிவிடுகிறார்கள். சூசன் ஹென்ட்ரிக் 1988இல் உருவாக்கிய ஏழு கேள்விப் படிவம் திருமணமாகாத இணையருக்கும் பொருந்தும். காதலர்களை ஆராய்பவர்களுக்கு அது இன்றும் நல்ல தேர்வு.

இந்த வழியில் வந்தவற்றுள் நுட்பமானது சி.எஸ்.ஐ. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜானெட் ஃபங்க், ரொனால்ட் ரோக் இருவரும் 2007இல் வெளியிட்டார்கள். பழைய படிவங்களின் கேள்விகளையும் புதியவற்றையும் சேர்த்து 180 கேள்விகளை இணையம் வழியே 5,315 பேரிடம் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு கேள்வியும் மகிழ்ச்சியாக இருப்பவரையும் சற்றே குறைவாக மகிழ்ச்சியாக இருப்பவரையும் எவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது என்று தனித்தனியே கணக்கிட்டார்கள். பழைய படிவங்களின் கேள்விகளில் பல, எண்ணிக்கையைக் கூட்டினவே தவிரத் தகவலைக் கூட்டவில்லை என்பது அப்போது வெளிப்பட்டது. தேறியவற்றிலிருந்து 32, 16, 4 கேள்விகள் கொண்ட மூன்று வடிவங்கள் பிறந்தன. அதிகபட்ச மதிப்பெண் முறையே 161, 81, 21. ஆய்வுக்கும் ஆலோசனைக்கும் கட்டணமில்லை. டி.ஏ.எஸ். போல விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது சிறு மையங்களுக்குப் பெரிய ஆறுதல்.

16 கேள்வி வடிவத்தை நான் விரும்பக் காரணம், அது சிறிய மாற்றத்தையும் காட்டிவிடும் என்பதுதான். ஆலோசனை தொடங்கி சில வாரங்களில் ஒரு தம்பதியிடம் ஏற்படும் முன்னேற்றம் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். வீட்டில் குரல் கொஞ்சம் தணிந்திருக்கும், ஒரு வேளை உணவை இருவரும் சேர்ந்து உண்டிருப்பார்கள். தடித்த அளவுகோலில் அது பதிவாகாது. பதிவாகாவிட்டால் 'ஒன்றும் மாறவில்லை' என்று அவர்களும் சோர்ந்துவிடுகிறார்கள்.

சி.எஸ்.ஐ.யிலும் ஒரு தொல்லை உண்டு. இறுதிப் பகுதியில் உறவை எதிரெதிர்ச் சொற்களுக்கிடையே குறிக்கச் சொல்கிறது: சுவாரசியம்–சலிப்பு, நிறைவு–வெறுமை, உறுதி–நொய்மை என்பது போல. சில வரிகளில் நல்லது இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். கவனமின்றி ஒரே பக்கமாகக் குறித்துக்கொண்டே போவதைத் தடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். படிவம் நிரப்பிப் பழக்கமில்லாதவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். முதல் பகுதியில் 'மிகவும் மகிழ்ச்சி' என்று குறித்தவர் இங்கே எல்லாவற்றையும் மோசம் என்று குறித்திருந்தால், அவரை உட்காரவைத்து அந்த வரிகளை ஒருமுறை உடன் படித்துப் பார்க்க வேண்டும். முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி விளக்கம் தேடக் கூடாது.

இங்கே உருவானவை

நிம்ஹான்ஸில் அனிஷா ஷா 1995இல் உருவாக்கிய திருமணத் தர அளவுகோலில் 50 கேள்விகள், 12 பகுதிகள். புரிதல், பாசம், நம்பிக்கை, மனம் விட்டுப் பேசுதல், முடிவெடுத்தல் ஆகியவற்றோடு புறக்கணிப்பு, ஆதிக்கம், விரக்தி, பிரிந்துபோகும் வாய்ப்பு ஆகியவையும் தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன. ஆண்களுக்கு ஒரு படிவம், பெண்களுக்கு ஒரு படிவம். மதிப்பெண் கூடினால் உறவு மோசம் என்று பொருள். மற்றப் படிவங்களோடு பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடும் ஆபத்து இருப்பதால் கோப்பின் மேலேயே எழுதிவைப்பது நல்லது.

ஆதிக்கம் என்ற ஒன்றைத் தனியே அளப்பதுதான் எனக்கு இதில் முக்கியம். மேலே சொன்ன பெண்ணுக்கு டி.ஏ.எஸ்.ஸில் முழு மதிப்பெண் தந்த அதே நிலைமை இங்கே ஆதிக்கம், விரக்தி ஆகிய பகுதிகளில் வெளிவர வழி இருக்கிறது. ஐம்பது கேள்விகளை மாதந்தோறும் கொடுக்க முடியாது என்பது உண்மை. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். மொத்த மதிப்பெண்ணைவிடப் பன்னிரண்டு பகுதிகளின் வடிவமே பேச்சைத் தொடங்கிவைக்கும். கணவர் நம்பிக்கைப் பகுதியில் தேறியும் மனைவி அங்கேயே தவித்தும் இருந்தால், முதல் உரையாடல் எதைப் பற்றியது என்பது முடிவாகிவிடுகிறது.

பிரமோத் குமார், காஞ்சனா ரோஹத்கி உருவாக்கிய 25 கேள்விப் படிவம் இந்திய ஆய்வேடுகளில் அடிக்கடி வருகிறது. ஆம், இல்லை என்ற விடைகள்தான். படிவ வாசிப்பில் பழக்கமில்லாதவர்களுக்கு எளிது. ஆனால் 'இல்லை'யிலிருந்து 'ஆம்' வரை போகும் வழியில் நடக்கும் எதையும் அது காட்டாது என்பதால் ஆலோசனைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

டக்ளஸ் ஸ்னைடரின் திருமண நிறைவுப் பட்டியல், 1997இல் திருத்தப்பட்ட வடிவில் 150 கேள்விகள் கொண்டது. பணம், தாம்பத்திய உறவு, குழந்தைகள் என எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். நன்கு படித்த, நேரமுள்ள தம்பதியருக்கும் கட்டணம் செலுத்தக்கூடிய மருத்துவமனைக்கும் பொருந்தும்.

உண்மையைத்தான் சொல்கிறார்களா?

'நம் ஊரில் யார் மனம் திறந்து எழுதுவார்கள்? எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் எழுதுவார்கள்' என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. இந்தக் கவலை அமெரிக்கர்களுக்கும் இருந்தது. பிளெய்ன் ஃபவர்ஸ், டேவிட் ஓல்சன் இருவரும் 1993இல் வெளியிட்ட 15 கேள்விப் படிவத்தில் ஐந்து கேள்விகள் இதற்காகவே வைக்கப்பட்டவை. இந்த உறவுக்காக நான் ஒரு கணம்கூட வருந்தியதில்லை, என் ஒவ்வொரு மனநிலையையும் அவர் முழுமையாகப் புரிந்துகொள்கிறார் என்பது போன்ற வாக்கியங்கள். இவற்றை முழுவதுமாக ஆமோதிப்பவர் மிகைப்படுத்துகிறார் என்று கொண்டு, அவருடைய நிறைவு மதிப்பெண்ணிலிருந்து அதிகபட்சம் 40 விழுக்காடுவரை கழித்துவிடுவார்கள்.

இந்தக் கழித்தலை நான் ஏற்பதில்லை. முதலாவது, சாண்ட்ரா மர்ரே குழுவினர் 1996இல் காட்டியபடி, துணையைச் சற்று உயர்த்திப் பார்ப்பவர்களின் உறவு நிலைத்து நிற்கும் வாய்ப்பு அதிகம். அந்த உயர்த்திப் பார்த்தலே உறவின் ஒரு பகுதி. இரண்டாவது, முப்பது ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பின் 'ஒரு கணம்கூட வருந்தியதில்லை' என்று எழுதும் அம்மாவிடம் அது கணக்கு அல்ல, தன் வாழ்வைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட நிலைப்பாடு. அதற்காக அவரிடமிருந்து மதிப்பெண்ணைப் பிடுங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மிகைப்படுத்தல் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அவரிடம் தனியே பேச வேண்டும்.

படிவத்தையே விட்டுவிட்டு நேரில் கவனிக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் ஆகியோரின் முறையில், தம்பதியரைத் தங்களுக்குள் முரண்பாடுள்ள ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லிப் படம்பிடித்து, முகபாவம், குரல், இதயத்துடிப்பு வரை குறித்துக்கொள்கிறார்கள். ஏளனமும் பேச மறுத்து இறுகுவதும் எவ்வளவு கெடுதல் என்பதை உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஆனால் பதினைந்து நிமிடக் காட்சியைக் குறிப்பதற்கு நீண்ட பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். அந்த ஆய்வுகளின் புகழ்பெற்ற முன்கணிப்பு விழுக்காடுகளும், முடிவு தெரிந்த பின் அதே தரவுக்குப் பொருத்திப் பார்த்தவை என்ற கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயின. கேமரா முன்னால் மனைவியிடம் குரல் உயர்த்தாதவர் வீட்டிலும் அப்படித்தான் இருப்பார் என்று கொள்ளவும் முடியாது.

சுயமதிப்பீட்டுக்கு ஆதரவான வலுவான சான்று 2020இல் வந்தது. சமந்தா ஜோயல் தலைமையில் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 43 தரவுத்தொகுப்புகளை, 11,196 தம்பதியரின் விடைகளை, இயந்திரக் கற்றல் மூலம் அலசின. ஒருவருடைய உறவு நிறைவை முன்கூட்டிச் சொல்வதில் அவரே தன் உறவைப் பற்றிச் சொன்னவைதான் மிகவும் உதவின. துணை சொன்னவற்றைச் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது மிகக் குறைவு. குறிப்பாக, 'அவர் இந்த உறவில் உறுதியாக இருக்கிறார்' என்று நான் நம்புகிறேனா என்பது முன்வரிசையில் நின்றது.

அதே நேரம், ஜேம்ஸ் மெக்நல்டி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வையும் நான் மறப்பதில்லை. புதிதாக மணமான 135 தம்பதியரிடம், துணையின் படத்தை ஒரு கணம் காட்டி, உடனே திரையில் வரும் சொல் நல்லதா கெட்டதா என்று விரைந்து குறிக்கச் சொன்னார்கள். அந்த வேகத்தில் வெளிப்பட்ட உணர்வு, அடுத்த நான்கு ஆண்டுகளில் நிறைவு எப்படிச் சரியும் என்பதைக் காட்டியது. படிவத்தில் யோசித்து எழுதிய விடை காட்டவில்லை. ஆக, இன்றைய நிலையை அறியப் படிவம் போதும். புதுமணத் தம்பதியின் எதிர்காலத்தை அதை வைத்துச் சொல்ல முயலக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும்

இருவரும் தனித்தனி அறையில் நிரப்ப வேண்டும். ஒருவரின் விடையை மற்றவரிடம் காட்டக் கூடாது என்பதை முதலிலேயே இருவர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுவது உறவினராக இருக்கக் கூடாது.

இருவர் மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பது பல ஆய்வேடுகளில் காணப்படும் பழக்கம். 161க்குக் கணவர் 145, மனைவி 70 என்றால் சராசரி 107.5. சி.எஸ்.ஐ.யின் 32 கேள்வி வடிவத்தில் துன்ப எல்லை 104.5. அதன்படி இந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்றாகிவிடும். இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள். அவற்றுக்கிடையே உள்ள தூரம்தான் அந்த வீட்டைப் பற்றிய முக்கியமான தகவல்.

அந்த 104.5 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டி.ஏ.எஸ்.ஸின் எல்லைக் கோட்டை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டார்கள். டி.ஏ.எஸ். தன் தகுதியை 1959ஆம் ஆண்டுப் படிவத்தை வைத்துக் காட்டியது. ஆக, அந்தக் கோட்டின் வேர் ஐம்பதுகளின் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தில் இருக்கிறது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் 100 எடுத்தால் 'உங்கள் உறவு துன்பத்தில் இருக்கிறது' என்று அவரிடம் சொல்ல அது போதுமான ஆதாரமில்லை. அதே மனிதர் சில வாரங்களுக்கு முன் எவ்வளவு எடுத்தார் என்பதோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

வன்முறையை இந்தப் படிவங்கள் எதுவும் கேட்பதில்லை என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அடிபடும் பெண் நிறைவாக இருப்பதாகக் குறிப்பதை ஆலோசனையில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அடிக்காத மாதத்தில் நிரப்பியிருக்கலாம், பயந்தும் நிரப்பியிருக்கலாம். மர்ரே ஸ்ட்ராஸ் குழுவினரின் 78 கேள்விப் படிவம், 1996இல் திருத்தப்பட்டது, யார் எத்தனை முறை அடித்தார் என்று எண்ணுகிறது. யார் யாருக்கு அஞ்சுகிறார் என்பதை எண்ணுவதில்லை. அதனால் முதல் சந்திப்பிலேயே இருவரையும் தனித்தனியே பார்த்து, வீட்டில் பயம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருக்கிறது என்றால் படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, அவருடைய பாதுகாப்பையும் இந்தியாவில் பெண்களுக்கான 181 உதவி எண்ணையும் பற்றிப் பேசுங்கள். கூட்டு ஆலோசனைக்கு அப்போது இடமில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை மீதி இருக்கிறது. தமிழாக்கத்தை ஒருவர் செய்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகு, உங்கள் ஆய்வில் பங்குபெறாத சில தம்பதியரிடம் கொடுத்து ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். தரவு திரட்டக் கிளம்புவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். படிவத்தை உருவாக்கியவரிடம் மொழிபெயர்ப்புக்கான அனுமதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.